ஹட்டனில் எல்ஜிபிடி இளைஞர்களுக்குத் தங்குமிடமும் நிலையமும்: அந்தப் பங்களா ஏன் வேண்டாம், வேறு எப்படி அமைக்கலாம்?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். இலங்கை மலைநாட்டின் ஹட்டனுக்கு வெளியே, தேயிலைக்கு நடுவே, பழைய பங்களா ஒன்று குத்தகைக்கு வருகிறது. வீட்டை விட்டு வந்த, அல்லது வீட்டார் விரட்டிவிட்ட எல்ஜிபிடி இளைஞர்கள் தங்க ஓர் இடமும், மற்றவர்கள் வந்து போக ஒரு சமூக நிலையமும் அங்கே சேர்த்து நடத்த ஒரு சிறு குழு நினைக்கிறது. எத்தனை கட்டில் போடலாம், சட்டத்தில் மாட்டிக்கொள்வோமா, இடம் வெளியே தெரியாமல் எப்படி வைத்திருப்பது என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: எல்லாரும் எல்லாரையும் தெரிந்த மலைநாட்டில் இப்படி ஒரு வீட்டை மறைத்து வைக்க முடியுமா? முடியாது. ஆனால் ஊருக்கு ஏற்கனவே பழகிப்போன ஒரு வடிவத்தில் அதை வைக்கலாம்.

முதலில், நிலையமும் தங்குமிடமும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிலையத்துக்கு விலாசம் தெரிய வேண்டும். யாரோ சொல்லக் கேட்டு, துணிந்து, பஸ் ஏறி வருகிற ஒரு பையனால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நிலையம் நடத்துவதே வீண். கட்டிலுக்கு விலாசம் தெரியக் கூடாது. தேடி வரும் அண்ணனும் மாமாவும் அந்த வாசலில் வந்து நிற்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து வைத்தால், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்த ஒருவர் உள்ளறையில் தூங்குகிறவரைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கடையில் வைத்து “நம்ம டிவிசன் புள்ளயும் அங்கதான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுவார். அதில் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. செய்தி பெரும்பாலும் இப்படி அக்கறையோடுதான் வெளியே போகிறது.

தேயிலைக்கு நடுவே இருக்கும் பங்களா தூரத்திலிருந்து பார்த்தால் ஒதுக்குப்புறம் மாதிரித் தெரியும். குடியிருந்து பார்த்தால் கண்ணாடிப் பெட்டி. தோட்ட ரோட்டில் புது முகம் ஒன்று நடந்தால், லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில், மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆட்டோவில் எத்தனை பேர் வந்து இறங்கினார்கள் என்ற கணக்கு பீலியடிக்கு, அதாவது எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, வந்துவிடும். மதிலை உயர்த்தி கேற்றை மூடினால் கேள்வி இன்னும் கூடும். கொடியில் காயும் துணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகள் தங்கும் வீடு என்று சொல்லியிருக்கும்போது கொடியில் சுரிதார் காய்கிறது. அல்லது பெண் பிள்ளைகள் வீடு என்று சொல்லிவிட்டு, திருநம்பிகள் நெஞ்சை இறுக்கிப் போடும் பைண்டர் இரண்டு தொங்குகிறது. எதிர்ச் சரிவில் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பவர்கள் ஒரு வாரத்தில் அந்த வீட்டைப் படித்து முடித்துவிடுவார்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை. துணி காய மூன்று நாள் போகும். வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு நாளில் வீட்டின் மொத்தத் துணியும் வெளியே வரும். ஆகவே எந்த வீட்டை எடுத்தாலும் உள்ளுக்குள் ஓர் உலர்த்தும் இடம் வேண்டும். பின்பக்கம் 6க்கு 8 அடி போதும். சுவரின் அடியிலும் உச்சியிலும் காற்றுத் துவாரம், கூரையில் வெளிச்சம் புகும் தகடு ஒன்று, நான்கு வரிக் கம்பி. கட்டில் ஒன்றுக்கு மூன்று விரிப்பு, இரண்டு கம்பளி என்று கணக்கு வைத்தால்தான் மழைக்காலம் தாங்கும்.

இந்த இளைஞர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் வடிவமைப்பவர் மனதில் வைக்க வேண்டும். ஒரு லயக் காம்பரா 10க்கு 12 அடி அளவு. அதற்குள் ஒரு முழுக் குடும்பம், சில இடங்களில் இரண்டு. அறைகளைப் பிரிக்கும் சுவர் பல லயங்களில் கூரைவரை போவதில்லை. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். தனியாக ஒரு போன் பேசுவதற்குக்கூட மலையேறிப் போகும் பிள்ளைகள் இவர்கள். வீடோ தோட்டத்துக்குச் சொந்தம், வேலையோடு கட்டுண்டது. அதனால் துரத்தப்பட்ட ஒருவரை அதே தோட்டத்துச் சித்தியோ பெரியம்மாவோ வைத்துக்கொள்ளத் தயங்குவது மனமில்லாமல் மட்டுமல்ல, இடமும் உரிமையும் இல்லாமல்தான். கொழும்புக்கு ரயில் ஏறுவது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. போகுமுன் யோசிக்க இரண்டு வாரம் கிடைத்தால் பலர் வேறு முடிவு எடுப்பார்கள். நீங்கள் கட்டப்போவது அந்த இரண்டு வாரத்தைத்தான்.

நிலையத்தை டவுனிலே வையுங்கள். கீழே கொமினிகேஷன் கடையோ பாமசியோ, பக்கத்தில் டியூஷன் வகுப்போ இருக்கிற கட்டடத்தின் மாடி உத்தமம். பொதுப் படிக்கட்டில் ஏறுகிறவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது இறங்குவழி இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். பலகையில் ‘இளைஞர் கற்றல் நிலையம்’ என்ற மாதிரிப் பெயர் போதும். ஆனால் அது பொய்ப் பலகையாக இருக்கக் கூடாது. கணினி வகுப்பு, வேலைக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தல், சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசித்துச் சொல்லுதல் எல்லாம் நிஜமாகவே நடக்க வேண்டும். யார் வந்தாலும் செய்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் வரும் எல்ஜிபிடி பிள்ளைக்கு வீட்டில் சொல்ல ஓர் உண்மையான காரணம் இருக்கும். “கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனேன்” என்று சொன்னால் சான்றிதழைக் காட்ட முடிய வேண்டும். திறக்கும் நாள் ஞாயிறு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருவது அன்றைக்குத்தான் இயல்பு. மூடும் நேரத்தைச் சுவர்க் கடிகாரம் பார்த்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தோட்ட ரோட்டுக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதி, அதில் மிக முந்தியதற்கு அரை மணி நேரம் முன்னால் மூடுங்கள். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை இருட்டில் நடக்கும், இல்லாவிட்டால் வீட்டில் அடி வாங்கும்.

உள்ளே மூன்று அறையும் ஒரு சிறு பான்ரியும் போதும். முன்னறை எல்லாருக்கும். நடு அறை எட்டு, பத்துப் பேர் வட்டமாக உட்கார. மூன்றாவது, ஆலோசனை அறை, 8க்கு 10 அடி. இதில்தான் அநேகமாகப் பிழை விடுகிறார்கள். ஒட்டுப்பலகையால் ஏழடிக்கு மறைப்பு அடித்து, மேலே ஒன்றரை அடி திறந்து விட்டு, ‘தனியறை’ என்று சொல்லிவிடுவார்கள். லயத்தில் அவர்கள் விட்டுவிட்டு வந்த அதே சுவர்தான் இது. பேச்சு மேலால் ஏறி அடுத்த அறைக்குள் இறங்கும். சுவர் சிலிங்குக்கு மேலேயும் தொடர்ந்து கூரைத் தகடு வரை முட்ட வேண்டும். கல்சுவர் முடியாவிட்டால் இரட்டைப் பலகைக்கு நடுவே கண்ணாடி நார்ப் பஞ்சோ நெருக்கமாக அடைத்த பழைய துணியோ வையுங்கள். கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை. முடிந்ததும் ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் பத்திரிகை வாசிக்க, மற்றவர் வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். ஒரு சொல் விளங்கினாலும் வேலை முடியவில்லை. இன்னொன்று: மழை பெய்யும்போது தகரக் கூரைக்குக் கீழே ஆள் கத்திப் பேச வேண்டிவரும். மழையில்லாத நாளில் சோதித்துவிட்டுத் திருப்திப்பட்டு விடாதீர்கள். வரும் பிள்ளையின் நாற்காலி கதவுக்குப் பக்கமாக இருக்கட்டும், ஆலோசகர் வழியை மறித்து உட்காரக் கூடாது. மலசலகூடம் ஆண், பெண் என்று பிரிக்காத தனித்தனி அறை; சுவர் தரையிலிருந்து உச்சிவரை.

பேச்சு விஷயத்தில் தமிழ் நமக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் வைத்திருக்கிறது. வினைச்சொல்லின் வாலிலேயே ஆண், பெண் வந்துவிடும். ‘வந்தான், வந்தாள்’ என்று வாய் தவறினால் திருநங்கைப் பிள்ளைக்கு அந்த ஒரு எழுத்தே போதும், அடுத்த முறை வராது. ‘வாங்க, அவங்க வந்தாங்க’ என்று எல்லாரையும் மரியாதையில் பேசும் பழக்கத்தை வேலை செய்பவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தம்பி, தங்கச்சி என்று கூப்பிடுமுன் எப்படிக் கூப்பிடலாம் என்று கேளுங்கள். “நம்ம ஊரில காமன் கூத்தில ஆம்பிளதானே ரதி வேசம் கட்டுறான், நம்ம சனம் ஏத்துக்கும்” என்று யாராவது சொல்வார்கள். கூத்து முடிந்து அரிதாரம் கலைந்த பிறகு அந்த மரியாதை எவ்வளவு நாள் நிற்கிறது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

இனிக் கட்டில். மலைநாட்டு டவுன்களில் ஊருக்குப் பழகிப்போன ஒரு வடிவம் இருக்கிறது, அதன் பெயர் போடிங். ஏ.எல். படிக்கும் பிள்ளை, கடையில் வேலை செய்யும் பையன், பயிற்சிக்கு வந்த தாதி எல்லாரும் யாரோ ஒரு குடும்பத்தின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே முதல் வருடம் தங்குமிடம் என்று தனி வீடு எடுக்காமல், ஹட்டன், கம்பளை, கண்டி என்று இரண்டு மூன்று ஊரில், நம்பிக்கையான குடும்பங்களிடம் தலா ஒன்றிரண்டு போடிங் அறையை மாத வாடகைக்குப் பிடித்து வையுங்கள் என்பேன். வெளிநாட்டிலும் இந்த வழி புதிதல்ல. பிரித்தானியாவில் எல்ஜிபிடி இளைஞர்களுக்காக 1989இல் தொடங்கிய ஆல்பர்ட் கென்னடி அறக்கட்டளை இப்படிக் குடும்பங்களில் தங்கவைப்பதில் இருந்துதான் வளர்ந்தது. பிள்ளையின் சொந்தத் தோட்டத்திலிருந்து குறைந்தது ஒரு பஸ் மாறும் தூரத்தில் அறை இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் பொய் சொல்லக் கூடாது. “குடும்பத்தோடு மனத்தாங்கல், 18 வயது முடிந்தவர், நாங்கள் பொறுப்பு” என்பது உண்மை, அது போதும். மிச்சத்தைச் சொல்வதும் சொல்லாததும் அந்தப் பிள்ளையின் உரிமை. அறையை வருடத்துக்குப் பிடித்து எழுத்தில் உடன்படிக்கை செய்யுங்கள், வெளியேற்ற ஒரு மாத முன்னறிவித்தல் அதில் இருக்கட்டும்.

பிறகு தனி வீடுதான் எடுப்பதானால் ஆறு கட்டிலுக்கு மேல் போகாதீர்கள். இந்திய மத்திய அரசு திருநர்களுக்காக 2020இல் தொடங்கிய கரிமா கிரஹ் இல்லங்கள் 25 பேர் என்ற அளவில் அமைந்தவை. பெரிய நகரத்தில் அது சரி, இங்கே 25 பேர் ஒரு வீட்டில் இருந்தால் அது ஊருக்கு ஒரு காட்சிப்பொருள். மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் தரத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் குறைந்தபட்சம்; குளிர் நாடுகளில், சமையலும் குளியலும் உள்ளேயே நடக்கும் இடங்களில், 4.5 முதல் 5.5 வரை. 10க்கு 12 அடி அறை என்பது சுமார் 11 சதுர மீற்றர், ஆக ஓர் அறைக்கு இருவர். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு என்று வைத்த அளவு இங்கே இரண்டு பேருக்கு. இரண்டு இருவர் அறை, இரண்டு ஒருவர் அறை என்று பிரித்தால் யாரை யாரோடு போடுவது என்ற தலைவலி குறையும். ஒருவர் அறைகளில் ஒன்று, இரவில் நெருக்கடியோடு வருபவருக்காக, பணியாளர் அறைக்குப் பக்கத்தில். ஒவ்வொருவருக்கும் பூட்டும் அலுமாரி, சாவி அவரிடம், மாற்றுச் சாவி முத்திரையிட்ட உறையில்.

ஜன்னல் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். நம் ஊர் வீடுகளில் இரும்புக் கிறிலை ஜன்னலோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். கள்ளன் உள்ளே வர முடியாது, நெருப்புப் பிடித்தால் ஆள் வெளியே போகவும் முடியாது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிறிலாவது கீல் போட்டு, உள்ளிருந்து சாவியில்லாமல் கொண்டியை இழுத்துத் திறக்கும்படி மாற்றுங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வெளிச்சுவரோடு, கூண்டுக்குள். காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படுத்துக் கிடக்கும். நிலக்கீழ் அறையோ படி இறங்கும் சமையலறையோ இருந்தால் அங்கே சிலிண்டர் வைக்கவே கூடாது. குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது கொல்லும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. குளிக்கும் அறையின் சுடுநீர்க் கருவிக்கு எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியன் சோதிக்கட்டும். குளியலறைப் பூட்டு உள்ளே பூட்டினாலும் வெளியிலிருந்து காசு ஒன்றைத் திருகித் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். அதற்குக் காரணம் தற்கொலை. இலங்கையில் 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் பிறகு வெகுவாக இறங்கியதற்குக் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்தது பெரிய காரணம். கைக்கு எட்டும் தூரத்தில் வழி இல்லாமல் செய்தால் உயிர் தப்புகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. ஆகவே மரக்கறிப் பாத்தி போட்டாலும் பூச்சிமருந்துப் போத்தல் வளவுக்குள் வரக்கூடாது. பரசிட்டமோல் உட்பட எல்லா மாத்திரையும் பூட்டிய பெட்டியில், ஒருமுறைக்கு வேண்டியது மட்டும் கையில். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் ஒவ்வொரு அறைக்கதவின் உட்பக்கத்திலும் ஒட்டியிருக்கட்டும்.

சட்டம் பற்றி. நிச்சயமானது இது: தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவுக்கு எதிராகப் பயன்படும் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன, முதலாவதுக்குப் பத்து வருடம் வரை, இரண்டாவதுக்கு இரண்டு வருடம் வரை சிறை. 1995 திருத்தம் இரண்டாவதைப் பெண்களுக்கும் நீட்டியது. இவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, ஆனால் அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை. இந்தப் பிரிவுகள் குறிப்பது செயலை. ஒருவர் தன்பாலீர்ப்பாளராக, திருநங்கையாக இருப்பதோ, அவருக்குப் படுக்க இடம் கொடுப்பதோ அவற்றில் குற்றமாக எழுதப்படவில்லை. ஒரு பொலிஸ் அதிகாரி வாசலில் நின்று அதை எப்படி விளங்கிக்கொள்வார் என்பது வேறு கதை, அங்கேதான் நிச்சயமின்மை. அதனால்தான் வீட்டுக்குள் பாலுறவு கூடாது என்ற விதியைச் சுற்றி வளைக்காமல் எழுதி வைக்கச் சொல்கிறேன். யாரும் அதை ஒழுக்கப் போதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டையும் அதில் இருப்பவர்களையும் காப்பாற்றும் விதி அது. தொடங்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் இதையெல்லாம் வைத்துப் பேசி, அவர் இலக்கத்தைக் கதவருகே எழுதுங்கள்.

365அவைவிட உங்களைக் கவிழ்க்கக் கூடியது வயது. 18 நிரம்பாதவரை இரவில் வைத்திருக்காதீர்கள். பெற்றோர் கொடுக்கும் முதல் முறைப்பாடே ‘பிள்ளையைக் கடத்தினார்கள்’ என்றுதான் இருக்கும். சிறுவர் இல்லம் நடத்த மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு வேண்டும். உங்கள் குழு அதற்குள் இறங்கக் கூடாது. 17 வயதுப் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்பதை அன்றைக்கு யோசிக்காமல் இன்றைக்கே எழுதி வையுங்கள்: சாப்பாடு, காய்ந்த துணி, காயம் இருந்தால் வைத்தியசாலை, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைப்பு, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குத் தகவல், வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து என்றால் அதை எழுத்தில் சொல்லி, நம்பகமான உறவினர் யாரிடமாவது நீதிமன்ற உத்தரவோடு ஒப்படைக்க முடியுமா என்று நன்னடத்தை உத்தியோகத்தரைக் கேளுங்கள். அழைப்பில் பிள்ளையின் பாலீர்ப்பைச் சொல்லத் தேவையில்லை. அடித்தார்கள், துரத்தினார்கள் என்பதே போதுமான காரணம். பகல் நிலையத்துக்கு இந்த வயதினர் வரலாம். ஆனால் பெரியவர் ஒருவரும் சிறுவர் ஒருவரும் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, ஆலோசனை அறைக் கதவில் கண்ணாடித் துண்டு ஒன்று வேண்டும்.

18 முடிந்தவர் வந்தால் முதல் மூன்று நாளில் செய்ய வேண்டியவை உண்டு. போனில் இருப்பிடப் பகிர்வை நிறுத்துவது, வீட்டாருக்குக் கடவுச்சொல் தெரிந்த கணக்குகளை மாற்றுவது. காணவில்லை என்று முறைப்பாடு விழுமுன், அவரே சட்டத்தரணியோடு பொலிஸ் நிலையம் போய், நான் என் விருப்பத்தில் வெளியேறினேன், பாதுகாப்பாக இருக்கிறேன் என்று வாக்குமூலம் பதிவது. தங்கும் இடத்தை வீட்டாருக்குச் சொல்லக் கூடாது என்பதையும் அதில் கேட்பது. அடிதடி இருந்தால் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டுமல்ல, தாய், தந்தை, சகோதரர் செய்வதற்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும் பிறகு 12 மாதம் வரையான உத்தரவும் பெறலாம். ஓடி வரும் பிள்ளை அடையாள அட்டையை அம்மாவின் றங்குப்பெட்டிக்குள் விட்டுவிட்டுத்தான் வரும். பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதியில் தொடங்குங்கள். அது இல்லாமல் அட்டையும் இல்லை, வேலையும் இல்லை. தோட்டத்துப் பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்துத் தேடித் திரும்பத் தோட்டத்துக்கே போக வேண்டிவரும் என்பதால், இப்போது தங்கும் இடத்தின் கிராம உத்தியோகத்தரோடு முன்கூட்டியே பழகி வைப்பது புத்தி. திருநங்கை, திருநம்பியருக்கு 2016 சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி மனநல மருத்துவர் வழியாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவையும் அட்டையையும் மாற்றலாம். அது மாதக் கணக்கில் ஓடும் வேலை, அதற்காகக் கட்டிலைப் பிடித்து வைக்க வேண்டாம்.

பணம் எங்கே போகும் என்று கேட்டால், கட்டடத்துக்கு அல்ல, சம்பளத்துக்கு. வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் சட்டப்படி 45 மணி நேரம். வகுத்தால் 3.7. லீவு, சுகயீனம், பயிற்சி சேர்த்தால் ஒரே ஒரு ஆளை இரவும் பகலும் நிறுத்தி வைக்கவே ஐந்து பேர் வேண்டும். கொடுப்பவர்கள் கட்டில் வாங்கித் தருவார்கள், பெயின்ட் அடித்துத் தருவார்கள், ஐந்து பேரின் இரண்டாம் வருடச் சம்பளத்தைத் தரமாட்டார்கள். வீடுகள் மூடப்படுவது இதனால்தான். அடுத்தது வெளியேறும் வழி. ஆறு கட்டிலில் ஒருவர் சராசரியாக 90 நாள் இருந்தால் வருடத்துக்கு 24 பேருக்குத்தான் இடம். 30 நாள் என்றால் 73. எனவே 14 இரவு, தேவைப்பட்டால் புதுப்பித்து 90 வரை, வேலையும் போடிங்கும் தேடுவது மூன்றாம் நாளிலிருந்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விதி மீறியவரை இரவில் வெளியேற்றக் கூடாது. விடிந்த பிறகு, போக ஓர் இடமும் பஸ் காசும் கொடுத்து மட்டுமே. வேலை செய்பவர் தங்குபவருக்குக் கடன் கொடுப்பது, வாங்குவது, காதலிப்பது மூன்றும் வேலை போகும் குற்றம். தலைவரின் நல்ல மனசை நம்பி இந்த விதியை எழுதாமல் விட்ட இடங்கள்தான் உள்ளுக்குள்ளிருந்து உடைகின்றன. பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண், பாலீர்ப்பு பற்றி ஒரு வரியும் வேண்டாம். கமெரா கேற்றில் மட்டும், ஏழு நாளில் தானே அழியும்படி. பார்வையிட வரும் கொடையாளிக்கும் யூடியூப்காரருக்கும் பகல் நிலையத்தின் முன்னறை போதும்.

கடைசியாக அந்தப் பங்களாவும் அது நிற்கும் மண்ணும். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டைப் பார்க்காமல் எந்தக் கட்டடத்தையும் எடுக்காதீர்கள். பின்பக்கம் மண் வெட்டிய சரிவு எவ்வளவு உயரம், அதன் அடியில் ஓடும் வடிகான் அடைபட்டிருக்கிறதா, தரையில் புது வெடிப்பு உண்டா, கதவு திடீரென்று இறுகுகிறதா, வறண்ட இடத்தில் கலங்கிய ஊற்று வருகிறதா என்று மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால் வெளியேற வேண்டும். வெளியேறி எங்கே? 2014இல் மீரியபெத்த மண்சரிவின்போதும் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் சனம் பாடசாலைகளிலும் கோயில்களிலும்தான் தஞ்சம் புகுந்தது. உங்கள் வீட்டில் இருக்கும் பிள்ளை அதே பாடசாலை மண்டபத்துக்குப் போனால், யாரிடமிருந்து ஓடி வந்ததோ அவர்களுக்குப் பக்கத்திலே பாய் விரிக்க வேண்டிவரும். எனவே 75 மில்லிமீற்றர் விழிப்பு நிலையிலேயே, பாதை மூடுமுன், வேறு டவுனின் போடிங் அறைகளுக்கு மாற்றும் ஏற்பாடு இருக்க வேண்டும்; வாகனக்காரரின் இலக்கமும் ஆறு பேருக்கான பயணக் காசும் ஒரு உறைக்குள் எப்போதும் தயாராக. பங்களாவுக்கு முற்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் நிறுத்தி வையுங்கள். டவுனில் ஒரு மாடியும் மூன்று போடிங் அறையும் அதே காசுக்குள் வருகிறதா என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள்.